எல்லோரையும் சாவடியில் இறக்கிவிட்டவர்

பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸின் டிரைவருக்கு விரலில் கிரீஸ் பட்டிருக்கிறது, டீசல் பட்டிருக்கிறது. ஓட்டு மை மட்டும் பட்டதே இல்லை. தேர்தலன்று டிப்போவில் எவருக்கும் லீவு கிடையாது. ஓட்டுச்சாவடி திறக்குமுன் வண்டியை எடுப்பார், மூடிய பிறகுதான் டிப்போவில் கொண்டுவந்து விடுவார். நடுவில் ஊரையே ஏற்றிப்போய்ச் சாவடி வாசலில் இறக்குவார். ஜனநாயகம் அவர் காலடியில்தான் கிடந்தது, கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில்.

வீட்டுக்கு வந்தால் மனைவி மை விரலைத் தூக்கிக் காட்டியபடி டீயை நீட்டுவாள்.

"நான் போட்ட ஓட்டுலதான் உங்களையும் ஆளுறாங்க. கொஞ்சம் பணிவா வாங்கிக் குடிங்க."

இதற்கு மேல் ஒரு மனுஷன் பொறுப்பானா? மனு எழுதினார். "எங்களை முந்தின நாளே ஓட்டுப் போட விடுங்கள்" என்ற ஒரே கோரிக்கை. டிப்போவே கையெழுத்துப் போட்டது. மனுவோடு எம்.பி. வீட்டுக்குப் போய், பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவில் அரைநாள் வழுக்கி வழுக்கி உட்கார்ந்திருந்த பிறகு, எம்.பி. வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பஸ்ஸும் ஓட்டும்! ஐயா, என் கண்ணைத் திறந்துட்டீங்க. சபையில பேசாம விடமாட்டேன்."

பேசினார். டிவியில் குடும்பமே பார்த்தது. "ஏழைத் தொழிலாளி ஒருவர் என் கையைப் பிடித்துக் கண்ணீர் விட்டார்..."

"நீங்க எப்போ அழுதீங்க?" என்றாள் மனைவி.

"ஏ.சி. காத்துல கண்ணு எரிஞ்சுது."

விஷயம் குழுவுக்குப் போனது. குழு வெளிநாடு போய் அங்கே ஓடும் பஸ்களைப் பார்த்துவிட்டு வந்தது. ஜென்மப் பகை கொண்ட கட்சிகளெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருமனதாகச் சட்டம் நிறைவேற்றின: தேர்தலன்று மக்களுக்கு இலவச பஸ், இரண்டு மடங்கு டிரிப். டிரைவர்களுக்கு டீ குடிக்கும் இடைவேளையும் ரத்து.

டிப்போவில் அவருக்கு 'மனு மாமா' என்று பெயர் விழுந்தது.

"அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்," என்றார் கண்டக்டர். "இனிமே நமக்கு நல்லது எதையும் கேட்டுடாதீங்க."

தேர்தல் வந்தது. அவருடைய ஓட்டு இருக்கும் பள்ளிக்கூடம் வழியில்தான். பஸ் நின்று கடைசி ஆளும் இறங்கியதும், இன்ஜினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

கண்டக்டர் ஓடிவந்தார். "அண்ணே, டைம்கீப்பர் கேட்டா என்ன சொல்ல?"

"பழுதுன்னு சொல்லு."

"எதுல பழுது?"

"டிரைவர்லன்னு சொல்லு."

வரிசையில் அவர் ஏற்றிவந்த கூட்டம் முழுக்க அவருக்கு முன்னால். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்கள் காலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே திட்ட ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் எட்டிப்போய் ஹாரனையே அழுத்தினார்.

"டிரைவர் எங்கய்யா தொலைஞ்சான்? சட்டம் போட்டும் திருந்தலையே இவனுங்க!"

வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். டிரைவர் சட்டைப் பையில் குத்தியிருந்த பேட்ஜைக் கையால் மறைத்துக்கொண்டு, "ஆமாங்க, இந்த ஆளுங்களே இப்படித்தான்," என்றார்.

ராத்திரி வீட்டுக்குள் நுழைந்தவர், ஒரு கையில் மெமோவும் மறு கையில் மை விரலுமாக நின்றார். மனைவி மெமோவைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம்கூடக் கொஞ்சம் மலர்ந்தது.

"அடேயப்பா! யாருக்குப் போட்டீங்க?"

அங்கேதான் மாட்டினார். ஓட்டுப் போட வேண்டும் என்று இத்தனை வருஷம் தவித்தவர், யாருக்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மறைப்புக்குள் போன பிறகுதான் அது உறைத்தது. வெளியே ஹாரன் வேறு.

"அந்த எம்.பி.க்குத்தான். மெஷின்ல எனக்குத் தெரிஞ்ச பேர் அது ஒண்ணுதானே இருந்துச்சு."

மனைவி விரலை விட்டாள்.

"உங்க டீயையும் பிடுங்கின மனுஷனாச்சேன்னு, அந்த ஆளுக்கு எதிரா இருக்கிறவருக்குக் குத்திட்டு வந்தேன் நான். ரெண்டு ஓட்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சுபோச்சு. இதுக்கா வண்டியை நிறுத்தினீங்க?"