சங்கரலிங்கம் அண்ணாச்சியின் தொப்பை

அண்ணாச்சி இறந்த செய்தி எனக்குப் போஸ்டராகத்தான் வந்தது. சிவகாசியில் டாக்டர் உதட்டைப் பிதுக்குவதற்குள் கண்ணீர் அஞ்சலி அச்சாகிவிடும்; அது கைபேசியிலும் வந்துவிடும். படத்தைவிடப் பெரிய மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தார்கள்: ‘தொப்பை ஃபவுல்’ சங்கரலிங்கம்.

அந்தப் பட்டத்தைக் கொடுத்தவன் நான். நான் எழுதிய எதுவும் அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சானதில்லை.

அந்தப் பட்டத்துக்கு நான் சொல்லும் கதை ஊர்க்காரர்கள் உங்களுக்கெல்லாம் மனப்பாடம். பட்டாசுக் கம்பெனிகளுக்கு லாரி லோடு பிடித்துக் கொடுத்த அண்ணாச்சி, கிளப்பில் ஸ்னூக்கர் ஆடுவார். தென்மாவட்டக் கிளப்புகள் கபடி, கேரம், ஸ்னூக்கர் என்று நம் ஊரில் நடத்திய விளையாட்டு விழாவில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார். மேசையில் கருப்புப் பந்து மட்டும் பாக்கி; அதில் ஃபவுல் ஆனால் ஆட்டமே போச்சு. அண்ணாச்சி குனிகிறார், தொப்பை முந்திக்கொண்டு பந்தைத் தள்ளுகிறது, ஃபவுல், தங்கப் பதக்கம் திருநெல்வேலிக்குப் போகிறது. தொப்பையை நடித்தும் காட்டுவேன். கல்யாண வீடுகளில் பந்தி நின்றுவிடும்.

அப்போது அண்ணாச்சிக்குத் தொப்பையே கிடையாது. தீக்குச்சி மாதிரி இருந்தார். தொப்பை பின்னால் வந்தது, என் கதைக்கு ஒத்தாசையாக.

அன்று நான்தான் ஸ்கோர் எழுதினேன். அவர் குனிந்த நேரம் வெளியே யாரோ சாம்பிள் அணுகுண்டை வெடித்துப் பார்த்தார்கள். நடுவர், எதிராளி, நான், எல்லோரும் சன்னல் பக்கம் திரும்பிவிட்டோம். மறுபடி பார்த்தால் அண்ணாச்சி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

“ஃபவுல் சார். சட்டைக் கை பந்துல பட்டுருச்சு.”

“நான் பாக்கலையே” என்றார் நடுவர்.

“நான் பாத்தேன்ல சார்.”

ஆட்டம் முடிந்தது. இதைச் சொன்னால் யார் சிரிப்பார்கள்? தொப்பையைச் சேர்த்தேன்.

ஒருமுறை கேட்டேன்: “அண்ணாச்சி, இம்புட்டுப் பேரு சிரிக்காக, நெசத்தை நீங்க சொல்லப்படாதா?”

“ஏலே, நெசத்தை நான் சொன்னா என்னைய நானே புகழ்ந்தாப்புல ஆயிரும். தொப்பையே இருக்கட்டும். உன் பொழைப்ப எதுக்குக் கெடுக்கணும்?”

அதற்கும் சிரித்தேன்.

துக்க வீட்டில் அவர் மகள் மகேஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “பள்ளிக்கூடத்துல என்னையத் தொப்பை ஃபவுல் மகள்னுதான் கூப்பிடுவாக, சித்தப்பா. அப்பா கூட்டிட்டுப் போக வந்தா ஒளிஞ்சுக்கிடுவேன்.”

நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்து அழுதாள். “இதை இப்ப வந்து சொல்றீகளே” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “காப்பி குடிச்சீகளா?” என்று கேட்டாள்.

பதினாறாம் நாள் போஸ்டரிலாவது பட்டத்தை எடுக்கச் சொல்லி அச்சகத்துக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “எடுத்துரலாம் சார். ஆனா செத்தது யாருன்னு ஊருக்குத் தெரியணும்ல?”

எடுக்கச் சொல்லிவிட்டேன். யார் என்று ஊருக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்களே, இனி கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் அந்தக் கதையைக் கேட்காதீர்கள். கேட்டால் ஒருவேளை சொல்லிவிடுவேன், என் புத்தி அப்படி.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, நாங்கள் எல்லோரும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உயர்ந்த அந்தக் கை. அதையும் நான் கொஞ்சம் பிந்தித்தான் பார்த்தேன்.