எல்லாக் கணினியிலும் ஒரே பெயர்

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. கொக்குவிலில் எங்கள் ஆய்வுகூடம் ஒரு வாடகை வீடு. அறைக்கு ஒன்றிரண்டாய் யூனிக்ஸ் கணினிகள், எல்லாம் ஒரே வலையில். அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் மேசையில் இருந்தபடியே ஒவ்வொன்றிடமும் ‘உன்னில் யார் இருக்கிறார்?’ என்று கேட்கலாம். கேட்பேன். எழுந்து நடப்பேன், தண்ணீர் குடிப்பேன், திரும்பவும் கேட்பேன். ரயில் கடந்தால் யன்னல் அதிரும். அதற்கும் ஒருமுறை கேட்பேன்.

பதிலாக வருவது பெரும்பாலும் ஒரே பெயர். கிணறுகளில் உப்பு ஏறும் விதத்தைக் கணிக்கும் ஆய்வு மாணவியின் பெயர். தன் கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுத்திருந்தாள்; எல்லோரும் அவள் பெயரிலேயே நுழைவார்கள். ஏன் என்று கேட்டால், “எங்கடை ஆக்கள்தானே அண்ணை, கேட்டால் இல்லையெண்டு சொல்லுறதே?”

அன்று வெள்ளிக்கிழமை. கம்பியில் முட்டும் கிளைகளை வெட்ட மத்தியானத்தோடு மின்சாரம் நிற்கும் என்று அறிவித்திருந்தார்கள். வீட்டு இன்வேர்ட்டரின் பற்றரி ஒரு கணினியை மட்டும்தான் பின்னேரம்வரை தாங்கும். அவளுடைய கணக்கு எங்கோ ஒன்றில் நாட்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. நின்றால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். திங்கட்கிழமை முடிவு போகாவிட்டால் அவளுடைய ஆய்வு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். எந்தக் கணினி என்று அவளைக் கேட்கவும் வழியில்லை. செவ்வாய்க்கிழமை தகப்பன் தவறி, வல்வெட்டித்துறையில் துக்கவீட்டில் இருந்தாள். போன் அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

எல்லாத் திரைகளுக்கும் ஒரு செய்தி அனுப்பினேன்: ‘ஆர் இருக்கிறியள்?’ படலையில் நின்று கேட்டால் என்ன பதில் வருமோ அதுவே அறைகளுக்குள்ளிருந்து வந்தது.

“நான்!”

“நான்தான் அண்ணை!”

“நான் எண்டா ஆர்?” என்று கத்தினேன்.

“உவன் ஆரெண்டு உவன்ரை மனுசிக்கே இன்னும் விளங்கேல்லை,” என்றது பக்கத்து அறை. சிரிப்பு.

“பகிடியை விட்டுட்டு வெளியேறுங்கோ. கரண்ட் போகப்போகுது.”

வெளியேறினார்கள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பெயர் ஒவ்வொரு கணினியாக உதிர்ந்து, கடைசியில் இரண்டில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டுக்கு முன்னாலும் ஆளில்லை. இரண்டிலும் ஓடியது அவளுடைய நிரல்தான். அதை இரவல் வாங்கி ஓட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. நுழைந்த நேரத்தைப் பார்த்தேன். இரண்டும் செவ்வாய்க்கிழமை. ஒன்று காலை, மற்றது மத்தியானம்.

தகப்பன் தவறிய செய்தி வந்தது அந்த இரண்டுக்கும் இடையில். நாங்கள்தான் அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டோம். அப்படியென்றால் காலையில் நுழைந்ததுதான் அவள். மத்தியானத்ததை நிறுத்தும் கட்டளையைத் தட்டியும் விட்டேன். அனுப்பத்தான் விரல் இறங்கவில்லை. அன்று அவளுக்குத் துணையாக ஆட்டோவில் போன ஆய்வுகூடத்து நண்பன் மருதனார்மடம் சந்தையில் நின்றான். மனம் ஆறாமல் அவனைக் கூப்பிட்டேன்.

“மச்சான், செவ்வாய்க்கிழமை நீ ஏதும் ஓட விட்டனியோ?”

“ஓம், காலமை. மறந்துபோனன். அதை நிப்பாட்டு.”

“அப்ப மத்தியானத்தது?”

சந்தை இரைச்சலைவிட்டு அவன் தள்ளிப்போவது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அது அவ. பாதி வழியிலை ஆட்டோவைத் திருப்பச் சொன்னவ. பின்பக்கத்தாலை ஓடிப்போய்க் கணக்கைத் தொடக்கிப்போட்டு வந்து ஏறினவ. வழி முழுக்க அழுகை. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டவ. தேப்பன் செத்துக் கிடக்கேக்கை இவள் கொம்பியூட்டருக்கு முன்னாலை இருந்தவள் எண்டு சனம் கதைக்குமெல்லோ.”

காலையில் நுழைந்ததை நிறுத்தி, மத்தியானத்தது ஓடும் கணினியைத் தவிர எல்லாவற்றையும் அணைத்தேன். சற்றைக்கெல்லாம் விசிறி நின்றது, விளக்கு அணைந்தது, வீடு வெக்கையில் மூழ்கியது. உள்ளறையில் அந்த ஒரு கணினி மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதன் முன் நின்றபடியே கேட்டேன். அவள் பெயர். முற்றம்வரை நடந்தேன், திரும்பி வந்து கேட்டேன். அவள் பெயர்.

“எப்பிடியண்ணை இதுதான் அவவின்ரை எண்டு கண்டுபிடிச்சனீங்கள்?” வாசலில் ஒருவன்.

“சும்மா, குத்துமதிப்பிலை.”

“விசர் மனுசன்! பிழைச்சிருந்தால்?”

நான் பற்றரி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கப் போனேன்.