கப்பலில் வந்து காகம் தேடியவர்

உல்லாசக் கப்பலிலிருந்து இறங்கிய எல்லோரும் பனிமலையைப் பார்க்க, தியாகலிங்கம் அண்ணை லைற் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று, தொப்பியைப் பின்னால் தள்ளி, உச்சியை ஆராய்கிறார். ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிறம்ரனில் வெயார்ஹவுஸ் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் என்பதால் கழுத்து மேல்நோக்கிப் பழகியது. இன்று அவர் தேடுவது பெட்டியை அல்ல, காகத்தை.

அலாஸ்காவின் இந்தத் துறைமுக ஊருக்கு ரொறன்ரோவிலிருந்து வருகிறவர்கள் திமிங்கிலம் பார்ப்பார்கள். மரவீடுகளின் முன்னால் படம் எடுப்பார்கள். வீட்டிலே ஏற்கெனவே இருக்கிற மாதிரியே ஒரு ஜாக்கெட் வாங்குவார்கள். காகத்தைத் தேடிப் புறப்பட்ட முதல் ஆய்வாளர் இவராகத்தான் இருக்கவேண்டும். குற்றம் மகள் நிலக்சியுடையது. கப்பலுக்குப் பதிந்தபோது தன் லீவைப் பார்த்தாளே தவிர, அது ஆடி அமாவாசையில் விழுவதைப் பார்க்கவில்லை.

தகப்பன் யாழ்ப்பாணத்தில் இறந்தபோது அகதி வழக்கு முடியாததால் அண்ணையால் போக முடியவில்லை. அன்று தொடக்கம் ஆடி அமாவாசைக்கு விரதம். ரொறன்ரோவில் தாங்கள் இருக்கிற டோர்செட் பார்க் அடுக்குமாடியின் பல்கனியில் சோறு வைப்பார். காகம் தொட்ட பிறகுதான் தான் சாப்பிடுவார். கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தபோது, வருடத்தில் ஒருநாள் தன் அப்பா வந்துபோவதாக விளக்கம் கொடுத்தார். நிர்வாகம், விருந்தாளிகளின் கார்களை எங்கே நிறுத்தவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியது.

கப்பலிலோ எந்நேரமும் சாப்பாடு. அந்தச் சோதனையை முனிவரின் முகத்தோடு கடந்து, கொஞ்சம் வெள்ளைச் சோறும் வெள்ளரிக்காயும் தயிரும் ஒரு கடதாசிக் கோப்பையில் ஏந்தி வந்திருக்கிறார். மத்தியானம் தாண்டிவிட்டது. அதுதான் அவருக்குப் பயம். சாப்பாடு பிந்தினால் அப்பா கோப்பையைத் தள்ளிவிடுகிற மனிதராம்.

மனைவி கமலாம்பிகைக்கு வேறு பயம். "சுகர் இறங்கி விழுந்தா ஆரப்பா உங்களைத் தூக்கிறது? உந்தக் கடற்பறவைக்கு வையுங்கோவன்."

"அது மீன் தின்னுறது. அப்பா அமாவாசையில மச்சம் தொடமாட்டார்."

துறைமுக வாசலில், வனவிலங்குகளுக்கு உணவு போடக்கூடாது என்று ஓர் அறிவித்தல். நிலக்சி அதைக் காட்டி, ஃபைன் அடிப்பார்கள் என்று கையைப் பிடித்தாள். அண்ணை கடைசி வரிவரை வாசித்தார்.

"உது விலங்குக்கு, பிள்ளை. நான் வைக்கிறது உன்ரை அப்பப்பாவுக்கு."

மீன்பெட்டிகள் அடுக்கிய ஒரு கொட்டிலின் பின்னால், கடைசியில், அது வந்து இறங்கியது. கறுப்புத்தான்; ஆனால் சேவலளவு. தொண்டையில் தாடி.

"அப்பா, அது காகமில்லை, றேவன்."

"அண்டங்காகம்" என்று கமலாம்பிகை சமாதானம் செய்தார்.

"அப்பாவும் பெரிய ஆள்தானே" என்றார் அண்ணை. மீன்பெட்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

கோப்பையை வைத்துவிட்டு விலகினார். அது நடந்து வந்தது. தலையைச் சரித்துச் சோற்றைப் பார்த்தது. பிறகு அலகால் கோப்பையை ஒரு தள்ளுத் தள்ளியது. சோறு கொட்டுண்டது.

நிலக்சி கூடச் சிரிக்கவில்லை.

அண்ணை மெதுவாகக் குந்தி, சிந்தியதைக் கையால் அள்ளிக் கோப்பையில் சேர்த்து, மறுபடி அதன் முன்னால் நகர்த்தினார். "பிந்திப்போச்சு, அப்பா" என்றார். எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தள்ளி நின்றார். அது குனிந்து ஒரு வாய் எடுக்கும்வரை, அந்தக் குளிர்காற்றில், தொப்பியை அவர் திரும்பப் போடவில்லை.