மைத்துனனைக் கொடுத்து நெட்டையனை வாங்கினோம்

எங்கள் கிளப் என் மைத்துனனை வலியசாலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்களுடைய நெட்டையனை வாங்கியது, வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிக்கிற ஒரு பழம்பொரிக் கடையில் வைத்து. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மாதம், துலா மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த சாயங்காலம். இரண்டு கிளப் செயலாளர்களும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்து, கைகொடுத்து, எழுந்து போய்விட்டார்கள். கொடுக்கப்பட்டவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுடைய அத்தானாகிய என்னிடமும் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கடை வழியாகப் போனால் எண்ணெய் வாசனையிலேயே எனக்குக் கோபம் வரும். சுவாமி மன்னிக்கட்டும்.

ஆரியசாலையில் எனக்குப் பூஜை சாமான் கடை. கற்பூரம், சாம்பிராணி, விளக்குத் திரி. கார்த்திகை நெருங்கினால் துளசி மாலை, இருமுடிப் பை, நெய் நிறைக்கும் தேங்காய். எட்டாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்தது பாஸ்கட்பால் ஒன்றைத்தான். கடைக்காரர்களும் கணக்கெழுதுகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் சேர்ந்தது எங்கள் கிளப். வலியசாலை அக்ரகாரத் தெருக்காரர்களுக்கு இன்னொரு கிளப். ஆடுவதற்கு இருந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடத்து சிமெண்ட் தளம். பள்ளி விட்ட பிறகு சாயங்காலம் ஒரு கிளப்புக்கு, விடியற்காலை மற்றதுக்கு. எது யாருக்கு என்பதை வருஷத்துக்கு ஒரு ஆட்டம் ஆடித் தீர்ப்போம். மழை விட்டதும் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெயித்தவனுக்குச் சாயங்காலம்.

அக்ரகாரத்துக்காரர்களுக்கு விடியற்காலை என்றால் கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். எங்களுக்கு அப்படி இல்லை. விடியற்காலையில்தான் நாகர்கோவில் பக்கத்து லாரிகள் வந்து நிற்கும். அந்த நேரத்தில் கடையை விட்டுவிட்டுப் பந்து தட்டப் போக எவனாலும் முடியாது. சாயங்காலம் போய்விட்டால் எங்களுக்கு ஆட்டமே கிடையாது. கிளப்பை மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

பல வருஷமாகச் சாயங்காலம் எங்களிடமே இருந்தது. காரணம் ஓட்டம். எங்களில் உயரமானவன் எவனும் இல்லை. ஆனால் பந்து கைக்கு வந்ததும் ஐந்து பேரும் ஓடுவோம். அதற்கு மூளை என் மைத்துனன். என் மனைவியின் தம்பி, குள்ளம், சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பிள்ளை. பந்தைப் பிடித்தால் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். நான் இடது ஓரத்தில் ஓடிக்கொண்டிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். கண் ஒரு பக்கம் இருக்கும், பந்து என் நெஞ்சுக்கு வரும்.

இது தளத்தில் பழகியது இல்லை, கடையில் பழகியது. சீசன் தேங்காயை யூனியன்காரர்கள் லாரியிலிருந்து இறக்கி வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். வாசலிலிருந்து மச்சுக்கு ஏற்றுவது எங்கள் பாடு. நான் மேலே இடது கோடியில் நிற்பேன். அவன் கீழே நின்று, வந்த ஆளுக்குச் சாம்பிராணி விலை சொல்லிக்கொண்டே தேங்காயைத் தோளுக்கு மேலே எறிவான். ஒன்றுகூட உடைந்ததில்லை.

நெட்டையன் பொன்முடி தேயிலை எஸ்டேட்டின் கூலி லயத்தில் பிறந்தவன். வேலைக்கென்று இறங்கி வந்து வலியசாலையில் அறை எடுத்திருந்தான். போன வருஷ ஆட்டத்தில் எங்கள் பந்தையெல்லாம் மரத்தில் பழம் பறிக்கிற மாதிரிப் பறித்தான். நாங்கள் ஜெயித்ததே பெரும்பாடு. எங்கள் செயலாளருக்கு, வெல்ல மண்டிக்காரருக்கு, அன்றைக்குப் பிடித்த பயம். அக்ரகாரத்துக்காரர்களோ, என் மைத்துனன் கல்யாணமாகி அவர்கள் தெருவில் குடியேறிவிட்டான், அவன் தங்கள் ஆள் என்று ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து பழம்பொரிக் கடையில் முடிந்தது.

மறுநாளே மண்டிக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"உயரம் வேணும் வே," என்றார் செயலாளர். "உயரத்த எவனும் பழக்கிக் குடுக்க முடியாது. ஓட்டத்த எவனுக்கும் பழக்கலாம்."

"அப்போ நீரு முதல்ல ஓடிக் காட்டும், பாப்போம்."

"உம்ம மச்சினன்னுட்டு உமக்குப் பொறுக்கல. வேற என்னவாக்கும்?"

வீட்டில் அதைவிட மோசம். மனைவி சோற்றைத் தட்டில் போட்ட சத்தமே சொல்லிற்று. "என் தம்பிய ஒரு பழம்பொரிக்கு வித்துட்டு வந்து சாப்பிட்டுட்டு இருக்கீங்க," என்றாள். நான் விற்கவில்லை என்று எத்தனை விதமாகச் சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. மைத்துனன் இன்னும் சுருக்கமாகக் கேட்டான்.

"அத்தான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"மண்டியில போய்ச் சொன்னேன் மாப்ளே. கேக்கல."

"சரி," என்றான். நம்பவில்லை.

நெட்டையன் வந்ததிலிருந்து எங்கள் ஆட்டம் வேறு ஆட்டமாகிவிட்டது. ஓடக் கூடாது என்று செயலாளர் உத்தரவு. பந்தை என்னிடம் கொடுப்பார்கள். நான் நிற்க வேண்டும். நெட்டையன் ஆடி அசைந்து ரிங்குக்கு அடியில் போய்ச் சேர்ந்து கையைத் தூக்குவான். அதற்கப்புறம் நான் பந்தை உயரத் தூக்கிப் போட வேண்டும். அவன் திரும்பிப் போடுவான். மற்ற மூன்று பேரும் நடை திறக்கக் காத்து நிற்கும் பக்தர்களைப் போலப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கூடை விழுந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆடி முடித்து வீட்டுக்குப் போனால் சட்டையில் வியர்வையே இருக்காது. எனக்கு அது ஆட்டமாகவே தோன்றவில்லை.

லாரி வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கோவிலுக்குப் போகிற வழியில் பள்ளி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். முன்பெல்லாம் நெட்டையனிடம் பந்தைக் கொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்ற அக்ரகாரத்துக்காரர்கள், ஐந்து பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். தொப்பை வைத்த வங்கிக்காரர்கூட ஓடினார். நடுவில் என் மைத்துனன். இடது ஓரத்தில் எவனோ ஒருவன், நான் ஓடவேண்டிய இடத்தில். அன்றைக்கு சந்நிதியில் நின்று என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். நல்லதாக வேண்டவில்லை.

அதற்குள் கார்த்திகை பிறந்தது. நானும் மைத்துனனும் வழக்கம்போல ஒரே குருசாமியிடம் சபரிமலைக்கு மாலை போட்டோம். போகப்போவதும் ஒரே வேனில். மாலை போட்டால் செருப்பு கிடையாது, கோபம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, யாரைக் கண்டாலும் சாமி. அந்த வருஷம் மழை நீண்டதால் ஆட்டம் விரதத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டது. தளத்தில் இறங்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் பாதிப் பேர் கழுத்தில் மாலை, வெறுங்கால். மாலை போடாத நெட்டையன் மட்டும் படகு மாதிரி ஒரு ஜோடி ஷூவில் நின்றான். தொடங்கியதும் அவன் மிதித்தது என் காலைத்தான்.

"சேட்டா, கண்டில்ல," என்றான். பார்க்கவில்லையாம்.

"நான் உன் டீம் ஆக்கும்," என்றேன்.

அந்த மாதிரி ஒரு கசப்பான ஆட்டத்தை நான் பிறகு ஆடியதில்லை. திட்ட முடியாது. ஆகவே எல்லாரும் மரியாதையாகவே கடித்துக்கொண்டோம்.

"சாமி, உங்க முழங்கை என் விலாவுல இருக்கு. எடுத்துக்கிடுங்க."

"மன்னிக்கணும் சாமி. அது அங்கதான் இருக்கும்."

நான் பந்தைத் தட்டாமல் ஒரு எட்டு கூடுதலாக நடந்துவிட்டேன், அது தப்பாட்டம். விசில் அடிப்பதற்குள் அக்ரகாரத்து கேப்டன் சொன்னார்: "சாமி, மலைக்கு இன்னும் நாள் இருக்கு. இப்பவே நடக்க ஆரம்பிச்சுட்டேளே."

அவர்கள் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள், மைத்துனனும் சிரித்தான். எனக்கு நெஞ்சுக்குள் என்ன வந்தது என்று ஐயப்பனுக்குத் தெரியும். "சாமி சரணம்," என்று மட்டும் சொன்னேன். அப்படி ஒரு விஷத்தோடு அந்த நாமத்தை நான் சொன்னதே இல்லை.

எங்கள் பக்கம் நெட்டையன் போட்டுக்கொண்டே இருந்தான். அவர்கள் பக்கம் ஓடி ஓடிப் போட்டார்கள். கடைசி நிமிஷத்தில் அவர்கள் ஒரு பாயிண்ட் முன்னால். சாயங்காலம் எங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் செயலாளர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நான் தூக்கிப் போட்ட பந்தை நெட்டையன் பிடித்துத் திரும்பி எறிந்தான், ரிங்கில் பட்டுத் தெறித்தது. கீழே பந்து என் மைத்துனன் கையில்.

அவர்கள் அத்தனை பேரும் எங்கள் ரிங்கைப் பார்த்து ஓடத் தொடங்கினார்கள். தடுக்க நாங்களும் ஓடினோம். நான் இடது ஓரத்தில் ஓடினேன். மைத்துனன் கண் வலது பக்கம் இருந்தது. திரும்பாமல், தோளுக்கு மேலே, இடது ஓரத்துக்கு எறிந்தான்.

நடுக்கோட்டைத் தாண்டிய இடத்தில் பந்து என் நெஞ்சுக்கு வந்தது.

பிடித்தபோதுதான் அவனும் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும், மச்சில் நிற்க வேண்டிய ஆள் இல்லாதபோது தேங்காயை எறிந்துவிட்டவன் முகம். அவர்கள் ரிங்குக்கு அடியில் நெட்டையன் ஒருவன்தான் நின்றான். அவன் ஓடவே இல்லை. ஓடும் பழக்கமே அவனுக்கு இல்லை. கையை மட்டும் தூக்கினான். நான் முழுப் பலத்தோடு எறிந்தேன். அவன் பிடித்தான், போட்டான். விசில்.

எங்களுக்குச் சாயங்காலம் கிடைத்தது. அக்ரகாரத்து கேப்டன் நேரே என் மைத்துனனிடம் வந்தார். குரல் உயரவில்லை.

"சாமி, நன்னா வித்தேள். ஆத்து மனுஷாளுக்குத்தானே, தப்பில்லை. இனிமே நம்ம தளத்துப் பக்கம் வராதேள்."

நான் செயலாளரிடம் போனேன். அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது அவனுக்கு வேறு இடம் இல்லை என்றேன். அவர் நெட்டையன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு நமக்கு எறிஞ்சவன் நாளைக்கு அவங்களுக்கு எறிவான் வே. எனக்கு வேண்டாம்."

"தெரியாம எறிஞ்சான்."

"தெரியாம எறியுதவன் அதவிட மோசம்."

மலைக்குப் போன வேனில் மைத்துனன் கடைசி சீட்டில் உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டால் "இந்தாங்க சாமி" என்று கொடுத்தான். பம்பையில் குளித்து ஈர வேட்டியோடு நிற்கும்போது நானாகப் பேச்செடுத்தேன்.

"அந்தப் பந்த ஐயப்பன்தான் எறிய வெச்சார் சாமி. மனசுல வெச்சுக்காதீங்க."

"அவர் தலையில ஏத்தாதீங்க சாமி. எறிஞ்சது என் கை. நீங்க எதுக்கு அங்க ஓடினீங்க?"

"எங்க ரிங்க காக்க ஓடினேன்."

"காக்குதவன் நடுவுலல்லா ஓடுவான். ஓரத்துல ஓடினா நான் எறிவேன்னு உங்களுக்குத் தெரியும்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிற்று. என் கால் பழகின இடத்தில் ஓடியது, அவன் கை பழகின இடத்தில் எறிந்தது. இதில் சதி எங்கே வந்தது? இருமுடி கட்டிக்கொண்டு வந்த இடத்தில் என்னைக் கள்ளன் என்கிறான். சொல்ல வாயெடுத்தேன், கழுத்தில் மாலை. படியேறும் வரை சரணம் சொன்னேன். அவனும் சொன்னான், என் குரலை மிஞ்சி.

திரும்பி வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இனி சாமி என்று கூப்பிட வேண்டியதில்லை. அத்தான் என்றும் அவன் கூப்பிடவில்லை. "அவங்களுக்கு சாம்பார் வேணுமான்னு கேளு," என்றான் தன் அக்காவிடம். நான் கையெட்டும் தூரத்தில் இருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பழம்பொரி இருந்தது.

நான் சாயங்காலம் ஆடப் போய்க்கொண்டுதான் இருந்தேன். நெட்டையன் கையைத் தூக்குவான், நான் தூக்கிப் போடுவேன்.

அடுத்த சீசனுக்குத் தேங்காய் வந்தபோது, அக்கா சொல்லித்தான் வந்தானோ என்னவோ, மைத்துனன் கடைக்கு வந்தான். நான் மச்சில் ஏறி இடது கோடியில் நின்றேன். அவன் கீழே குனிந்து ஒரு தேங்காயைக் கையில் எடுத்தான். கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு ஒரு கூடையைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக அடுக்கி, அதைத் தலையில் வைத்து ஏணியில் ஏறி வந்து, என் காலடியில் இறக்கிவிட்டுப் போனான். குவியல் முழுவதும் தீரும் வரை அப்படியே ஏறி இறங்கினான்.