மியூட்டில் ஒரு தையல் மெஷின்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைக் கம்பெனிக்காரர்கள் பெரிய புரட்சியாகப் பேசத் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே தையல்காரி அதைச் செய்துகொண்டிருந்தாள். ஜன்னலோரம் மெஷின், பக்கத்தில் வெட்டிப் போட்ட துணி, தெரு முழுக்க வாடிக்கை. அவள் மனநலத்தை விசாரித்து ஒருத்தனும் மெயில் அனுப்பியதில்லை.

அப்புறம் புருஷன்காரன் லேப்டாப்போடு வீட்டில் வந்து உட்கார்ந்தான். ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். முகத்தில் வெளிச்சம் நன்றாக விழுகிறதென்று ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டான். மெஷின் சமையலறை வாசலுக்குப் போயிற்று. அங்கேயும் நிம்மதி இல்லை. மிதியில் கால் வைத்தால் போதும், "மீட்டிங்ல இருக்கேன், நிறுத்து" என்று கையை ஆட்டுவான். அந்த மீட்டிங்கில் துரை பேசுவது இரண்டே பேச்சு: "ஆமா சார்", "கண்டிப்பா சார்". இதற்காக ஒரு வீடே வாயைப் பொத்திக்கொண்டு கிடக்க வேண்டும்.

எதிர்வீட்டு டீச்சர் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கடைவீதி டெய்லரிடம் போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவள் எடுத்துச் சொன்னாலும் புருஷன்காரன் காதில் ஏறவில்லை. "எனக்கு எவ்வளவு ஸ்ட்ரெஸ் தெரியுமா?" என்று முதுகைப் பிடித்துக்கொள்வான். அந்த முதுகுக்குக் கம்பெனி ஒரு குஷன்கூட அனுப்பியிருந்தது. ஸ்ட்ரெஸ்ஸாம்! உட்கார்ந்த இடத்துக்கே மூன்று வேளையும் தட்டு வருகிற ஆளுக்கு.

ஒரு நாள் ஊழியர் நலக் கூட்டம் வைத்தார்கள். வீட்டு ஆட்களும் திரையில் வர வேண்டுமாம். நல அதிகாரி தேன் ஒழுகக் கேட்டாள்: "மேடம், சார் வீட்லயே இருக்கறது உங்களுக்கு எப்படி இருக்கு?"

"இவரை எப்பங்க திரும்ப எடுத்துக்குவீங்க?"

திரையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தையல்காரி சிரிக்கவில்லை. பதில் வரும் என்று நின்றாள். "மேடம் செம ஜாலி டைப்" என்று சொல்லிவிட்டு நல அதிகாரி அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டாள்.

கூட்டம் முடிந்ததும் அவன் லேப்டாப்பைப் பட்டென்று மூடினான். "எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டியே!"

"உங்களுக்கு மானம்தான் போச்சு. எனக்கு வேலையே போயிடுச்சு. அதை நான் எந்த மீட்டிங்ல போய்ச் சொல்றது?"

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"வேலையா? நீ வீட்லதானே இருந்தே!" என்றான், மாதக்கணக்கில் வாசற்படி தாண்டாத அந்த மனுஷன்.