ஒட்டகச்சிவிங்கிக்குப் பறிபோன என் இலைகள்

ஒட்டகச்சிவிங்கிக்கு என் கையால் ஊட்ட வேண்டும் என்று ஒரு மாதம் நச்சரித்து, டெக்சஸ் வெயிலில் இரண்டு மணி நேரம் காரில் போய், கடைசியில் இலைகளைச் சொந்த அம்மாவிடமே பறிகொடுத்தவன் நான். அப்போது எனக்கு ஏழு வயது.

அந்த வனவிலங்குப் பூங்காவில் ஆளுக்கு மூன்று லெட்டூஸ் இலைதான் கொடுத்தார்கள். மர மேடையில் ஏறி நின்றதும் அந்த நெடிய கழுத்து வளைந்து, கறுத்த நாக்கை ஒரு முழத்துக்கு நீட்டிக்கொண்டு வந்தது. ஆத்தாடி! நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தைரியம் வரட்டும் என்று காத்திருந்தபோதுதான், அங்கே வேலை பார்த்த பெண் அது சினையாக இருப்பதாகச் சொன்னாள்.

அவ்வளவுதான். தன்னுடைய இலைகளைக் கொடுத்து முடித்திருந்த அம்மா, அப்பாவுடையதையும் வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் என் கையில் இருந்ததையும் உருவினாள்.

"அம்மா, தட்ஸ் மைன்!"

"மாசமா இருக்குடா, பாவம். நல்லாச் சாப்பிடட்டும்."

"விட்டா வளைகாப்பே பண்ணிடுவ போலிருக்கே" என்று அப்பா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வைத்த ஒப்பாரியில் அந்தப் பெண்ணே இரங்கி, யாருக்கும் தெரியாமல் ஓர் இலையைக் கொடுத்தாள். அப்பா தூக்கிப் பிடிக்க, சொரசொரவென்று அந்த நாக்கு என் விரலைச் சுற்றி இலையை இழுத்துக்கொண்டு போனது. எச்சில் கையைச் சட்டையில் துடைக்காமலே வைத்திருந்தேன், அவ்வளவு சந்தோஷம். ஆனாலும் அம்மா மேல் இருந்த கோபம் மட்டும் போகவில்லை.

திரும்பும் வழியில் புளிப்பு மிட்டாய்ப் பாக்கெட்டைப் பிரித்தேன். பல் சொத்தையாகும் என்று மிட்டாயைக் கண்டாலே திட்டும் அம்மா, அன்று முன் சீட்டிலிருந்து கையை நீட்டினாள்.

"ஒன்னே ஒன்னு குடுடா கண்ணா. புளிப்பா ஏதாவது வேணும்போல இருக்கு."

பாக்கெட்டைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். "நோ. யூ டுக் மை லீவ்ஸ்."

"அடப்பாவி, பழி வாங்குறியா!" என்று சிரித்துவிட்டு அம்மா சீட்டில் சாய்ந்துகொண்டாள். எனக்கு அவசரம் என்றால்கூட லேசில் காரை நிறுத்தாத அப்பா, உடனே ஃப்ரீவேயை விட்டு இறங்கி, மாங்காய் வாங்க இந்தியன் ஸ்டோரைத் தேடிப் போனார். போயும் போயும் ஒரு மாங்காய்க்கா என்று எரிச்சலோடு கடைசி மிட்டாயையும் வாயில் போட்டுக்கொண்டேன்.

அது யார் கேட்ட மிட்டாய் என்பது, தங்கை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநாள்வரை எனக்கு உறைக்கவில்லை.