லீமாவில் கலையாத கட்டில்

லீமாவுக்குப் போனவர்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, ஐந்து வயதுத் தங்கச்சி, பத்து வயதில் நான். வராதவர் சித்தி. அம்மாவும் சித்தியும் ஒஸ்லோவில் ஒரே ஹோட்டலில், ஒரே மாடியில் அறை துப்புரவு செய்தவர்கள். பெரு நாட்டின் தலைநகரில் அம்மா கால் நீட்டிப் படுத்திருக்க வேண்டிய ஆறு நாட்களும் அம்மாவின் அறைகளையும் சேர்த்துச் செய்வதற்காகச் சித்தி ஒஸ்லோவில் நின்றுகொண்டார். "நீ போட்டு வா அக்கா. உன்ரை பதினாலு அறையும் எனக்குப் பலகாரம்" என்று சொல்லித்தான் வழியனுப்பினார்.

எல்லாம் ஒரு குலுக்கலில் வந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு முன் வேலையிடத்தில் வைக்கும் விருந்தில் முதல் பரிசு அது: குடும்பத்துக்கு விமானச் சீட்டு, கடலைப் பார்த்த அறை, காலைச் சாப்பாடு, விமான நிலையத்துக்குப் போய்வர வண்டி. ஒரு சதம் செலவில்லை. அம்மாவின் பெயரைக் கூப்பிட்டபோது, தட்டுகளை எடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எழுந்து, மேசையில் இருந்த நாலு தட்டுகளையும் அடுக்கிக்கொண்டே மேடைக்குப் போனதாகச் சித்தி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அடுத்த ஆண்டு, பள்ளியின் இலையுதிர்கால விடுமுறையில் புறப்பட்டோம். அப்பா ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவர். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய் நீல நிறத்தில் ஒரு கோட்டு வாங்கிவந்தார். பியோர்ண்டாலில் எங்கள் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் மூவரையும் வரிசையாக இருத்தி ஒரு சட்டம் போட்டார்.

"அங்கை நாங்கள் விருந்தாளியள். விளங்குதோ? ஆர் என்ன வேலை, எங்கை வேலை எண்டு ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. ஆறே ஆறு நாள்."

அம்மா தலையாட்டினார். தலையாட்டுவது சுலபம்.

லீமாவின் வானம் ஒஸ்லோவின் நவம்பர் வானம் போலவே சாம்பலாக இருந்தது. இவ்வளவு தூரம் பறந்து வந்தும் அதே வானமா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் ஹோட்டல் வேறு உலகம். வாசலில் ஒருவர் எங்களுக்குக் கதவைத் திறந்து பிடித்தார். அப்பா மரியாதைக்காக மற்றக் கதவைத் திறந்து அவருக்குப் பிடித்தார். இரண்டு பேரும் நெடுநேரம் அப்படியே நின்றார்கள். காலைச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு மட்டும் ஐந்து நிறத்தில் இருந்தது. மஞ்சள் மிளகாய்ச் சம்பல் ஒன்றும் வைத்திருந்தார்கள். அதை நாக்கில் வைத்த அப்பா கண் கலங்க, "இவையள் எங்கடை ஆக்கள்தான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அம்மாவுக்குத்தான் விருந்தாளியாக இருக்கத் தெரியவில்லை. விடிய ஐந்தரைக்கே எழும்பிவிடுவார். நாங்கள் பல் தீட்டி முடிப்பதற்குள் கட்டில்கள் விரிக்கப்பட்டிருக்கும். குளியலறைக் கண்ணாடியில் ஒரு துளி நீர் இருக்காது. துவாய்கள் மடிக்கப்பட்டு, குப்பைப் பை முடிச்சுப் போடப்பட்டு வாசலில் நிற்கும்.

"இதுக்கெண்டு ஒரு ஆள் இருக்குதப்பா" என்பார் அப்பா.

"அந்த ஆளுக்கும் குனிஞ்சால் நாரி நோகும்" என்பார் அம்மா.

மூன்றாம் நாள் காலைச் சாப்பாடு முடிந்து மேலே வந்தோம். எங்கள் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு பெண்கள். ஒருவர் அறை துப்புரவு செய்பவர். நரைத்த கொண்டை, நெஞ்சில் ஹூலியா என்று பெயர் அட்டை. மற்றவர் கறுப்பு உடுப்புப் போட்ட மேற்பார்வையாளர். அவர் எங்கள் கட்டிலின் போர்வையை ஒரு நுனியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹூலியாவை ஏசிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் குரல் தாழ்ந்தது. ஆனால் கையிலிருந்த தாள் தாழவில்லை. அதில் கையெழுத்து வைக்கச் சொல்லித்தான் ஏச்சு.

அம்மாவுக்கு ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்த ஏச்சு முழுவதும் விளங்கிவிட்டது. அந்த ஹோட்டலில் போர்வையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருக வேண்டும். ஒஸ்லோவில் அதை மூன்றாக மடித்துக் கால்மாட்டில் வைப்பார்கள். அம்மா கைப்பழக்கத்தில் ஒஸ்லோ மடிப்பையே போட்டிருந்தார். ஹூலியா வந்து பார்த்திருக்கிறார். அறை பளபளவென்று இருந்திருக்கிறது. அடுத்த அறைக்குப் போய்விட்டார். இப்போது அவர் இவ்வளவு நாளும் வேலை செய்யாமல் செய்ததாகப் பொய்க் குறிப்பு எழுதினார் என்று ஆகிவிட்டது.

"தம்பி, அது எச்சரிக்கைத் தாள்" என்றார் அம்மா என்னிடம். "எனக்கும் ஒருக்கா தந்தவை. இன்னொண்டு வந்தால் வேலை போயிடும். நான்தான் செய்தனான் எண்டு சொல்லு."

"இஞ்சரும், எங்களுக்கேன் உந்தச் சோலி?" என்றார் அப்பா மெதுவாக.

"சும்மா இருங்கோப்பா. தம்பி, சொல்லு."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் இன்று நான். அன்றைக்கும் எங்கள் வீட்டின் ஆங்கிலம் நான்தான். அப்பாவின் சட்டத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு, என் அம்மா ஒஸ்லோவில் ஹோட்டல் அறை துப்புரவு செய்பவர், இந்தக் கட்டிலை அவர்தான் விரித்தார் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். காது இரண்டும் எரிந்தன. அப்பா யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தார்.

மேற்பார்வையாளர் நம்பவில்லை. அப்பாவின் நீலக் கோட்டைப் பார்த்தார். விருந்தாளிகள் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறார்கள் என்பது போலச் சிரித்தார்.

அம்மா கைப்பையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலை ஒரே இழுவையில் உரித்தார். விரிப்பை உதறினார், அது பாய்மரம் போல எழுந்து மெத்தையின் நடுவில் நேராக விழுந்தது. ஒருவரும் சொல்லாமலே ஹூலியா எதிர்ப்பக்கம் போய் நின்றார். இரண்டு பேரும் ஒரே கணத்தில் குனிந்தார்கள், ஒரே கணத்தில் நிமிர்ந்தார்கள். கடைசியில் தலையணை உறைகள் மிஞ்சின. அப்பா யன்னலை விட்டு வந்தார். ஒரு தலையணையை நாடியால் அமுக்கிப் பிடித்து, கோட்டோடு நின்று உறை போட்டார்.

மேற்பார்வையாளர் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஹூலியா சொன்ன ஒன்றை ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார்: தயவு செய்து இனி அம்மா எதையும் தொடவேண்டாம், கட்டில் கலைந்திருக்கட்டும்.

அதன் பிறகு அம்மா தொடவில்லை. தங்கச்சி கட்டிலில் ஏறிக் குதித்தபோதும் தடுக்கவில்லை. காலை பத்து மணிக்கு, கசங்கிய போர்வைக்குள் கால் நீட்டிப் படுத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

கடைசி நாள் விமான நிலையத்துக்கு வண்டி ஏறினோம். பாதி வழியில், நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கும் ஆசையோடு, என் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினேன்.

"அம்மா, தலையணைக்குக் கீழை உங்கடை காசை மறந்திட்டீங்கள். நான் எடுத்தனான்."

ஒஸ்லோவில் ஒருமுறை ஒரு விருந்தாளி தலையணையில் நூறு குரோனர் வைத்துவிட்டுப் போக, அதை ஆரோ மறந்த காசு என்று அம்மா கொண்டுபோய் வரவேற்பில் கொடுத்தவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். தலையணைக்குக் கீழே காசு மறக்கப்படும் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். துப்புரவு செய்பவருக்கென்று வைக்கப்படும் என்று தெரியாது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். விமானத்துக்கு இன்னும் நாலு மணித்தியாலம் இருந்தது. அப்பா உறையை வாங்கிக்கொண்டு, சாரதியின் தோளைத் தட்டி, கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். வண்டி திரும்பியது.

ஹோட்டல் வாசலில் எங்களை இருத்திவிட்டு அப்பா மட்டும் உள்ளே ஓடினார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"குடுத்தாச்சோ?" என்று கேட்டார் அம்மா.

"ஓம். என்ரை வேலை என்னவெண்டும் சொல்லிப்போட்டு வந்தனான்." அப்பா காற்றில் இரண்டு கையாலும் மாவு பிசைந்து காட்டினார்.

ஒரு சதமும் செலவில்லை என்று போன பயணம் அது. உறையில் பெரு நாட்டுக் காசில் இருநூறு சோல், வண்டியைத் திருப்பியதற்கு அறுபது. எல்லாமாக இருநூற்று அறுபது சோல்.